பள்ளிக்கூடமா, முத்துச் சலாபமா?

கெட்டிக்காரப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளிக்கூடம் வேண்டும் என்று பட்டணத்துப் பெரிய மனிதர்கள் பேசுகிறார்கள். ஆயிரம் பேரில் பத்துப் பேரைப் பரீட்சை வைத்துப் பொறுக்கி எடுப்பார்களாம். அந்தப் பத்துப் பேருக்குத் தனிக் கட்டடம், தனி விடுதி, தனி ஆசிரியர்கள். மீதி 990 பேர்? அவர்கள் எக்கேடு கெட்டால் என்ன!

தூத்துக்குடிக் கடற்கரை மக்களுக்கு இந்த முறை புதிதல்ல. இதற்கு முத்துச் சலாபம் என்று பெயர். வெள்ளைக்காரன் காலத்தில், மூச்சை அடக்கிக் கடலடியில் முங்கி எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு. முங்கியவனுக்கு ஒரு பங்கு. ஏலம் எடுத்த வியாபாரி சிப்பிகளைக் குவித்து அழுக வைப்பான். நாற்றத்தில் துழாவி நாலு முத்து எடுப்பான். அந்த நாலு முத்துக்காக ஆயிரக்கணக்கான சிப்பிகள் செத்து மடியும். 1961-க்குப் பிறகு கடலில் அந்தச் சலாபம் இல்லை. அதைப் பள்ளிக்கூடத்தில் நடத்தப் பார்க்கிறார்கள்!

1953-ல் ராஜாஜி மந்திரிசபை என்ன செய்தது? பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்றது. மக்கள் கொதித்தெழுந்தார்கள், 1954-ல் அந்தத் திட்டம் செத்தது. அன்று பிறப்பைக் காட்டிப் பிரித்தார்கள். இன்று ‘திறமை’ என்ற பெயரில் பிரிக்கிறார்கள். 1986 கல்விக் கொள்கை நவோதயா பள்ளிகளைக் கொண்டுவந்தது. ஆறாம் வகுப்புக்கே நுழைவுப் பரீட்சை வைத்தது. பத்து வயதுப் பிள்ளையின் பரீட்சையில் எதை அளக்கிறார்கள்? மூளையையா, வீட்டு வசதியையா? விடியுமுன் தாய் தகப்பன் உப்பளத்துக்குப் போய்விட, தம்பி தங்கையைக் குளிப்பாட்டிச் சோறூட்டிவிட்டுப் பள்ளிக்கு ஓடிவரும் சிறுமியும், டியூஷன் வாத்தியார் வீடு தேடி வரும் பிள்ளையும் ஒரே பந்தயத்தில் ஓடுகிறார்களாம்! இதுதான் இவர்களுடைய சமத்துவம்!

அப்படியானால் கெட்டிக்காரப் பிள்ளை என்று ஒருவரும் இல்லையா? உண்டு, தோழர்களே! சுமை தூக்குபவர் வீட்டிலும் உண்டு, கூலி விவசாயி குடிசையிலும் உண்டு. எல்லாரையும் ஒரே மட்டத்தில் வெட்டி வைப்பதுதான் பொதுவுடைமை என்பது எதிரி கட்டிவிட்ட கதை. வாத்தியார் கணக்கைச் சொல்லி முடிக்குமுன் விடை சொல்லும் பிள்ளைக்கு அடுத்த கணக்கைக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அவன் ஜன்னலைப் பார்ப்பான். பிறகு குறும்பன் என்று பெயர் வாங்குவான்.

கணிதமேதை ராமானுஜனுக்கு நடந்தது என்ன? கணக்கிலேயே மூழ்கி மற்றப் பாடங்களில் தவறினார். கும்பகோணம் அரசுக் கல்லூரி உதவித்தொகை போயிற்று. 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக உட்கார்ந்தார். 1913-ல் இங்கிலாந்துக்குக் கடிதம் எழுதிய பிறகுதான் உலகம் அவரை அறிந்தது. எல்லாப் பிள்ளைக்கும் ஒரே அச்சு என்று நின்ற கல்வி, கையிலிருந்த மேதையைக் கைவிட்டது. கடிதம் எழுத வழியில்லாமல் மண்ணோடு போன ராமானுஜன்கள் எத்தனை பேர்?

ஆகவே வகுப்பறைதான் மாற வேண்டும். வழி இல்லையா? இருக்கிறது. 2022-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் ஒரே வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்து, அவரவர்க்கு ஏற்ற பயிற்சி கொடுக்கிறார்கள். முந்தியவன் முன்னே போகலாம். பிந்தியவனும் கைவிடப்பட மாட்டான். நல்ல முறைதான். ஆனால் இதைச் செய்ய ஆள் எங்கே? 2009 கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டே ஆசிரியர்கள். வகுப்போ ஐந்து! ஐந்து வகுப்பு, வகுப்புக்கு மூன்று நிலை, இரண்டு வாத்தியார்! ஒரே ஆள் ஒரே நேரத்தில் எத்தனை தறி ஓட்ட முடியும் என்று ஆலைத் தொழிலாளிக்குத் தெரியாதா?

பணம் இல்லை என்பார்கள். மத்திய சர்க்காரின் 2020 கல்விக் கொள்கை தனித்திறன் மாணவர்களைப் பற்றி வாய் நிறையப் பேசுகிறது. அதே சர்க்கார், பி.எம்.ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுத்த தமிழ்நாட்டுக்கு 2024-25-ல் கொடுக்க வேண்டிய 2,152 கோடி ரூபாயை நிறுத்தி வைத்தது! இதுதான் திறமையை வளர்க்கும் லட்சணம்! மாநில சர்க்காருக்கும் சொல்கிறோம்: மாவட்டத்துக்கு ஒரு மாதிரிப் பள்ளி கட்டிக் கடமை முடிந்தது என்று கைகழுவாதே! ஊருக்கு ஊர் இருக்கும் பள்ளியை மாதிரியாக்கு!

1973-ல் இதே தூத்துக்குடியில், மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் உயிருள்ள சிப்பிக்குள் கரு வைத்து, பக்குவமாகப் பராமரித்து முத்து விளைவித்துக் காட்டினார்கள். சிப்பியை அழுகவிட்டுத் தேடுவது பழைய முறை. வளர்த்து விளைவிப்பது விஞ்ஞானம். நம் பிள்ளைகளுக்கு எந்த முறை?

எனவே கேட்போம்:

வகுப்புக்கு ஒரு ஆசிரியர்!

பள்ளிக்கு ஒரு நூலகம், ஓர் ஆய்வுக்கூடம்!

முந்திய பிள்ளைக்கும் பிந்திய பிள்ளைக்கும் அதே வகுப்பறையில் தனிக் கவனம்!

1908-ல் கோரல் மில் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலையை நிறுத்தினார்கள், வ.உ.சி. அவர்களோடு நின்றார், வெற்றி கிடைத்தது. கெஞ்சி வாங்கியதல்ல அது. பள்ளிக்கூட வாசலிலும் அந்த ஒற்றுமை நிற்கட்டும். சங்கக் கூட்டத்தில் கூலியைப் பேசும்போது வகுப்பறையையும் பேசுங்கள். நம் பிள்ளைகள் எவரும் கரையில் அழுகப் போட்ட சிப்பிகள் அல்ல!