எதிரே வருபவர் கண்ணையும் கணக்கில் எடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி, நரிக்குடி பக்கம் போகும் சாலைகளில் இரவில் வண்டி ஓட்டுகிறவர்கள் அடிக்கடி சொல்லும் குறை ஒன்று உண்டு. எதிரே வரும் காரின் ஹெட்லைட்டில் கண் கூசி, சில நொடிகளுக்குச் சாலையே தெரியாமல் போகிறது. கம்பெனி பொருத்திக் கொடுத்த விளக்கைக் கழற்றிவிட்டு எல்இடி, எச்ஐடி பல்புகளையும் புரொஜெக்டர் லென்ஸ்களையும் கடையில் கொடுத்து மாட்டிக்கொள்வது சர்வசாதாரணமாகிவிட்டது. இதை இளைஞர்களின் ஆசை என்று அதிகாரிகள் கண்டும் காணாமல் விடுகிறார்கள். அதை ஆட்சேபித்தே இக்கடிதத்தை எழுதுகிறேன். காருக்குள் ஒருவர் என்ன பாட்டுப் போட்டுக் கேட்கிறார், எந்த சீட் கவர் போடுகிறார் என்பது அவர் விருப்பம். ஹெட்லைட் அப்படியல்ல. அதன் வெளிச்சம் விழுவது பொதுச் சாலையில், பிறர் கண்ணில். ஆகவே அந்த வெளிச்சம் எந்த உயரத்தோடு நிற்க வேண்டும் என்பதை அரசு அளந்து பார்த்தே ஆக வேண்டும்.

நம் பகுதியில் இந்தத் தொல்லை கூடுதலாக இருப்பதற்குக் காரணம் உண்டு. மதுரை–தூத்துக்குடி நான்குவழிச் சாலையில் நடுத்திட்டு இருக்கிறது. அதில் அரளிச்செடி நிற்கும் இடங்களில் எதிர் வெளிச்சம் ஓரளவு மறைபடும். அங்கிருந்து கிராமங்களுக்குப் பிரியும் இருவழிச் சாலைகளில் நடுத்திட்டும் இல்லை, தெருவிளக்கும் இல்லை. மேடு பள்ளம் அதிகமில்லாத கரிசல் நிலத்தில் சாலை நேராகவே ஓடுவதால், எதிர் வெளிச்சம் வெகுதூரத்திலிருந்தே முகத்தில் அடிக்கத் தொடங்கிவிடும். சாலை ஓரம்வரை சீமைக்கருவேலம் அடைத்து நிற்க, கண்மாய்க்கரையை ஒட்டிய வளைவுகளில் ஒதுங்கவும் இடமிருக்காது. இந்தச் சாலைகளில் கார்கள் மட்டும் போவதில்லை. மில் ஷிப்டு முடிந்து சைக்கிளில் திரும்புகிறவர்கள், விடியுமுன் மல்லிகை பறிக்கத் தோட்டத்துக்கு நடப்பவர்கள், ஆட்டுக்கிடையை இடம் மாற்றி ஓட்டிச் செல்பவர்கள், பின்விளக்கு இல்லாமல் நிற்கும் டிராக்டர் டிரெய்லர்கள் எல்லாம் உண்டு. கூசும் வெளிச்சம் கண்ணுக்குள் சிதறி ஒரு வெண்திரைபோல் படியும்போது, அதற்குப் பின்னால் உள்ள எதுவும் தெரியாது. வயதானவர்களுக்கும் கண்புரை தொடங்கியவர்களுக்கும் இந்தச் சிதறல் இன்னும் அதிகம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி 2 நொடியில் 33 மீட்டரைக் கடந்துவிடும். அந்த 33 மீட்டரும் குருட்டு ஓட்டம்தான்.

பல்பின் சக்தி மட்டுமே இதற்குக் காரணம் என்று நினைப்பது தவறு. சாதாரண எச்4 ஹாலஜன் பல்பைக் கையில் எடுத்துப் பாருங்கள். உள்ளே இரண்டு ஃபிலமென்ட் இருக்கும். டிம்முக்கு உரிய ஃபிலமென்டின் அடியில் சின்னஞ்சிறு உலோகக் கிண்ணம் ஒன்று இருக்கும். வெளிச்சம் ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதியில் பட்டு மேல்நோக்கித் திரும்பிவிடாமல் தடுப்பது அந்தக் கிண்ணம்தான். அந்த ஃபிலமென்ட் இருக்கும் இடத்தைக் கணக்கிட்டே ரிஃப்ளெக்டரின் வளைவு அமைக்கப்படுகிறது. அதே குழியில் எல்இடி பல்பைச் சொருகினால் ஒளி பிறக்கும் இடமும் வடிவமும் மாறி, டிம்மில் போட்டாலும் வெளிச்சம் மேலே சிதறுகிறது. புரொஜெக்டர் இதைவிட நல்ல ஏற்பாடு என்பதில் சந்தேகமில்லை. லென்ஸுக்குப் பின்னால் உள்ள தகடு, வெளிச்சத்தின் மேல்விளிம்பைக் கோடு கிழித்தாற்போல் வெட்டி நிறுத்துகிறது. ஆனால் அதிலும் இரண்டு ஆபத்துகள் உள்ளன. அந்தக் கோடு ஒரு பக்கத்தில் சற்று மேலேறும். இடப்பக்கம் செல்லும் நம் நாட்டில் அது இடப்பக்கம் ஏற வேண்டும். வலப்பக்கம் செல்லும் நாடுகளுக்காகச் செய்த லென்ஸை இங்கே மாட்டினால், மேலேறும் பகுதி நேராக எதிரே வருபவர் கண்ணுக்குப் போகும். அடுத்தது கோணம். 70 சென்டிமீட்டர் உயரத்தில் உள்ள விளக்கின் வெளிச்சம் 10 மீட்டருக்கு 10 சென்டிமீட்டர் வீதம் தாழ்ந்தால், 50 மீட்டரில் அதன் மேல்விளிம்பு தரையிலிருந்து 20 சென்டிமீட்டரில் இருக்கும். ஹெட்லைட்டைச் சூடேற்றிப் பிரித்து, லென்ஸை உட்கார வைத்து மறுபடி ஒட்டும்போது ஒரே ஒரு டிகிரி மேலே தூக்கிவிட்டால் அந்த விளிம்பு ஏறத்தாழ 107 சென்டிமீட்டருக்கு வந்துவிடும். காரில் உட்கார்ந்திருப்பவரின் கண்மட்டம் அதுதான்.

“தெருவிளக்கு இல்லாத காட்டுப் பாதையில், ஆடுமாடும் பன்றியும் குறுக்கே பாயும் சாலையில், கம்பெனி விளக்கு மங்கலாக இருந்தால் என்னதான் செய்வது?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, இதை ஒதுக்கிவிட்டு இந்தப் பிரச்சினையைப் பேச முடியாது. ஆனால் பழைய காரின் ஹெட்லைட் மங்குவதற்குப் பல நேரங்களில் பல்பு காரணமல்ல. வெயிலில் மஞ்சளித்துப்போன முகப்புக் கண்ணாடியும், பழைய வயரிங்கும், இறங்கிப்போன கோணமும்தான் காரணம். ஹாலஜன் பல்புக்குப் போய்ச் சேரும் வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்துவிடும். ஒரு ரிலேயும் நல்ல வயரும் போட்டு, கண்ணாடியைப் பாலிஷ் செய்து, கோணத்தைச் சரிசெய்தாலே சாலை நன்றாகத் தெரியும். எதிரே வண்டி இல்லாதபோது பிரைட் போட்டுக்கொள்ளவும் தடையில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காருக்கு முன்னால் பத்துப் பதினைந்து மீட்டரில் வெள்ளை வெளேரென்று வெளிச்சம் கொட்டினால் கண்ணின் பாவை சுருங்கி, தூரத்தில் இருப்பது முன்பைவிடக் குறைவாகவே தெரியும். பணம் செலவழித்து மாட்டியவருக்கே அதனால் பாதுகாப்பு கூடுவதில்லை.

“ஆர்.சி. புத்தகத்தில் ஹெட்லைட் பற்றி ஒன்றும் இல்லையே, பிறகெப்படிக் குற்றம்?” என்பது அடுத்த வாதம். பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. அதைக் காட்டித்தான் இப்படி வாதாடுகிறார்கள். ஆனால் சட்டம் அந்த ஒரு பிரிவோடு முடிந்துவிடவில்லை. 2019இல் சேர்க்கப்பட்ட 182ஏ பிரிவு, அனுமதியில்லாமல் உதிரிபாகங்களை மாற்றிப் பொருத்துவதற்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ 6 மாதம்வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க வழிசெய்கிறது. மத்திய மோட்டார் வாகன விதி 106 இன்னும் துல்லியமானது. விளக்கிலிருந்து 8 மீட்டர் முன்னே, வண்டியின் வலப்புறம் அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் உள்ள கண்ணைக் கூசச் செய்யாதபடி வெளிச்சம் நிரந்தரமாகக் கீழ்நோக்கி இருக்க வேண்டும் என்கிறது அது. ஆக, அளவுகோல் சட்டத்திலேயே இருக்கிறது. அதை எடுத்து அளக்கத்தான் ஆளில்லை. கேரளத்தில் உயர் நீதிமன்றமே தலையிட்டு, அங்கீகாரமில்லாத விளக்குகளுக்கு 5,000 ரூபாய் வீதம் அபராதம் விதிக்கச் சொன்னது. நம் மாவட்டமும் நீதிமன்றம் சொல்லும்வரை காத்திருக்க வேண்டுமா?

இங்கே நடப்பதெல்லாம் ஜனவரியில் சாலைப் பாதுகாப்பு மாதம் வந்தால் வண்டிகளை நிறுத்தி ஹெட்லைட்டின் நடுவில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டுவதுதான். அந்த வட்டம் வெளிச்சத்தில் கொஞ்சத்தை மறைக்குமே தவிர, மேலே பார்க்கும் விளக்கைக் கீழே பார்க்க வைக்காது. ஒழுங்காகக் கோணம் வைத்த காரும் கண்ணைப் பறிக்கும் காரும் ஒரே ஸ்டிக்கரோடு போகின்றன. லாரி, பஸ், வேன் போன்ற போக்குவரத்து வாகனங்கள் குறித்த காலத்தில் எஃப்.சி.க்குப் போயாக வேண்டும். அங்கே விளக்கையும் பார்ப்பார்கள். சொந்தக் காருக்கோ பதிவு செய்த நாளிலிருந்து 15 ஆண்டுகள்வரை அப்படியொரு சோதனையே கிடையாது. இந்த ஓட்டைதான் எல்லாவற்றுக்கும் வேர். “புதுக் கார்களில் கம்பெனியே எல்இடி வைத்துத்தானே தருகிறது, அவர்களை யார் கேட்பது?” என்றும் சிலர் கேட்கிறார்கள். கேட்கத்தான் வேண்டும். கம்பெனி விளக்கு அந்த எல்இடிக்காகவே வடிவமைக்கப்பட்டது என்றாலும், கோணம் பிசகினாலோ பின்னால் பாரம் ஏற்றி முன்பக்கம் தூக்கினாலோ அதுவும் கூசத்தான் செய்யும். ஆகவே பழையது, புதியது, கம்பெனி, கடை என்று பார்க்காமல் எல்லா வண்டிகளுக்கும் ஒரே அளவுகோல் வைப்பதுதான் நீதி.

என் கோரிக்கை எளிமையானது. புகைச் சான்றுக்காகச் சொந்தக் கார்களும் சோதனை மையத்துக்கு வந்தே ஆக வேண்டும். அங்கேயே ஹெட்லைட்டின் கோணத்தையும் சோதிக்கப் போக்குவரத்துத் துறை வழிசெய்யட்டும். சமதளமான தரையும், கோடு போட்ட ஒரு சுவரும், டேப்பும் இருந்தால் தொடக்கச் சோதனைக்குப் போதும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்களுக்குக் கருவியே வாங்கித் தரலாம். முதல் முறை பிடிபடுகிறவருக்கு அபராதம் போடாமல், சரிசெய்து கொண்டுவந்து காட்ட இரண்டு வாரம் அவகாசம் தரலாம். மறுபடியும் அப்படியே ஓட்டினால் சட்டப்படி நடவடிக்கை எடுக்கட்டும். மாட்டிக்கொண்டவரை மட்டும் தண்டித்துவிட்டு, தரச்சான்று இல்லாத விளக்கை விற்றுப் பொருத்திக் கொடுத்தவரை விட்டுவிடுவது முறையல்ல. இதனால் கடைக்காரர்களின் பிழைப்பு போய்விடும் என்று அஞ்ச வேண்டாம். கோணம் சரிசெய்வது, வயரிங் மாற்றுவது, கண்ணாடி பாலிஷ் போடுவது எல்லாம் அவர்கள் கைக்கு வரும் வேலைகள்தான். எல்லாக் கார்களும் ஆண்டுக்கு ஒருமுறை விளக்கைக் காட்டியாக வேண்டும் என்று வந்தால் அந்த வேலை பெருகவே செய்யும்.

மாவட்ட ஆட்சியரும் போக்குவரத்து, காவல் துறை அதிகாரிகளும் இதைப் பரிசீலித்து, முதல் கட்டமாக அருப்புக்கோட்டையிலும் திருச்சுழியிலும் இலவச ஹெட்லைட் சோதனை முகாம்களை நடத்த முன்வர வேண்டும். தங்கள் இதழும் இந்தக் கோரிக்கையை எடுத்துச் சென்று, அவர்களிடமிருந்து பதில் பெற்று வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
அருப்புக்கோட்டை.