வாசலில் சொல்லப்படும் விலை: விடுதிகளின் வாகன நிறுத்தக் கட்டணம் குறித்து

2018 மார்ச் 21 முதல் செய்யப்படும் முன்பதிவுகளுக்கு, அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலுள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்ட் கேளிக்கைப் பூங்காவின் விடுதிகள் இரவு நேர வாகன நிறுத்தத்திற்குத் தனிக் கட்டணம் விதித்தன. எளிய விடுதிகளில் ஓர் இரவுக்கு 13 டாலர். நடுத்தர விடுதிகளில் 19 டாலர். உயர்தர விடுதிகளில் 24 டாலர். பின்னர் இவை 15, 20, 25 என உயர்ந்தன. அதுவரை அங்குத் தங்குவோர் தம் வாகனத்தைத் தாமே நிறுத்திக்கொள்ள எதுவும் செலுத்தியதில்லை. விருந்தினர்கள் கொதித்தனர். அறைக்கும் நுழைவுச் சீட்டுக்கும் பெருந்தொகை செலவிடுபவர்கள் 13 டாலருக்காகக் குமுறுவதா என்று கேலி பேசியோரும் இருந்தனர்.

அந்தக் கேலி ஒன்றைக் காணத் தவறியது. விருந்தினரின் குமுறல் தொகையைப் பற்றியதன்று. விலை எந்தக் கட்டத்தில் சொல்லப்படுகிறது, அப்போது மறுக்கும் வாய்ப்பு எஞ்சியிருக்கிறதா என்பதைப் பற்றியது. இந்த வேறுபாடு புரிந்தால், புளோரிடாவில் நடந்தது நடு அந்தமானின் ரங்கத்துக்கும் ஏன் பொருட்டு என்பது விளங்கும். சுற்றுலா இன்னும் முழுமையாக வந்து சேராத ஊர்களில்தான் அதன் விதிகளை முன்கூட்டியே எழுத இயலும்.

விலை நியாயம் குறித்த ஆய்வுகளில் டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் ஆகிய மூவரும் 1986இல் வெளியிட்ட கட்டுரை இன்றும் அடிப்படையானது. பனிப்புயலுக்கு மறுநாள் காலை, 15 டாலருக்கு விற்ற பனி அள்ளும் மண்வெட்டியை ஒரு கடைக்காரர் 20 டாலருக்கு உயர்த்தினால் அது நியாயமா என்று கேட்டபோது, 82 விழுக்காட்டினர் நியாயமன்று என்றனர். மக்கள் ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் பழக்கத்தால் அமைந்த ஓர் அளவுகோலை வைத்திருக்கிறார்கள் என்பது அவர்களின் விளக்கம். செலவு கூடியதால் விலை கூடுவதை அந்த அளவுகோல் ஏற்கிறது. வாங்குபவரின் இக்கட்டைப் பயன்படுத்தி விலை கூடுவதை ஏற்பதில்லை. பல பத்தாண்டுகளாக அறை வாடகையோடு சேர்ந்திருந்த வாகன இடம் ஒரே நாளில் தனிச் சரக்கானபோது, விருந்தினர் அதைப் புதிய சேவைக்கான விலையாகக் கருதவில்லை; தம்மிடம் இருந்ததைப் பறித்துத் தமக்கே திருப்பி விற்பதாகக் கருதினர்.

எதிர்த்தரப்பின் வாதத்தையும் அதன் முழு வலிமையோடு எடுத்துக்கொள்ள வேண்டும். அவ்வாதத்தின் மிகச் சிறந்த வடிவம் விடுதி நிர்வாகங்களிடமிருந்து வரவில்லை. 2025 பிப்ரவரியில் மறைந்த கலிபோர்னியப் பேராசிரியர் டொனால்டு ஷூப்பிடமிருந்து வந்தது. 2005இல் வெளிவந்த அவரது நூலின் மையக் கருத்து எளிமையானது: இலவச வாகன நிறுத்தம் என்று ஒன்று இல்லை. நிலம், தளம், விளக்கு, காவல் அனைத்துக்கும் யாரோ செலவழிக்கிறார்கள். அச்செலவு அறை வாடகையிலும் உணவின் விலையிலும் கலந்துவிடும்போது, பேருந்தில் வருபவரும் நடந்து வருபவரும் காரில் வருபவருக்காகப் பணம் கட்டுகிறார்கள். எனவே வாகன இடத்துக்குத் தனி விலை வைப்பதே நேர்மை என்பார் ஷூப்.

இதை மறுப்பது கடினம், மறுக்கவும் தேவையில்லை. ஆனால் இந்த வாதம் இரண்டு நிபந்தனைகளின் மீது நிற்கிறது. ஒன்று, வாகனச் செலவு தனியே பிரிக்கப்படும்போது அது முன்பு கலந்திருந்த விலை அந்த அளவுக்குக் குறைய வேண்டும். இல்லையேல் காரில் வருபவர் இருமுறை கட்டுகிறார். பேருந்தில் வருபவருக்கும் எந்தப் பயனும் இல்லை. இரண்டு, வாகனமின்றி வரும் வழி உண்மையிலேயே திறந்திருக்க வேண்டும். தெரிவு இல்லாத இடத்தில் தனி விலை என்பது தண்டமாகிவிடும்.

டிஸ்னியின் வரலாறு இரண்டாம் நிபந்தனைக்கு நல்ல பாடம். 2005 முதல் அந்நிறுவனம் தன் விடுதி விருந்தினரை ஆர்லாண்டோ விமான நிலையத்திலிருந்து இலவசப் பேருந்தில் அழைத்து வந்தது. கார் வேண்டாதவருக்கு அதுவே மாற்று வழி. 2022 தொடக்கத்தோடு அந்த இலவசச் சேவை நின்றது. கார் நிறுத்துவதற்கான கட்டணம் மட்டும் தொடர்ந்தது. காரைத் தவிர்க்கும்படி தூண்டும் விலை என்று அதுவரை அதற்கு நியாயம் கற்பிக்க முடிந்திருந்தால், அதற்குப் பின் முடியவில்லை. ஓராண்டு கழித்து, 2023 ஜனவரியில், தங்கும் விருந்தினருக்கான இரவு நேர வாகன நிறுத்தக் கட்டணத்தை டிஸ்னி நீக்கியது. தமிழக வரலாற்றில் முதலாம் குலோத்துங்கன் ‘சுங்கம் தவிர்த்த’ என்ற பெயரால் நினைவுகூரப்படுகிறான்; வரி நீக்கத்தை மக்கள் அத்தனை எளிதில் மறப்பதில்லை. ஆயினும் அதே ஆர்லாண்டோவில் யுனிவர்சல் பூங்காவின் விடுதிகளில் கட்டணம் தொடர்கிறது. ஒரு நிறுவனத்தின் மனமாற்றம் விதியாகிவிடாது.

போட்டி இருந்தால் இத்தகைய கட்டணங்கள் தாமே மறைந்துவிடும் என்ற நம்பிக்கையும் பரவலானது. சேவியர் கபே, டேவிட் லேப்சன் இருவரும் 2006இல் எழுதிய கட்டுரை அந்த நம்பிக்கையைக் குலைத்தது. முதன்மைப் பொருளின் விலையைத் தாழ்த்திக் காட்டி, துணைப் பொருள்களின் விலையை மறைத்து வைக்கும் வணிகம் போட்டிச் சந்தையிலும் நிலைத்திருக்கக்கூடும் என்று அவர்கள் காட்டினர். மறைவிலையை அம்பலப்படுத்தும் போட்டியாளருக்கு அதனால் இலாபம் வருவதில்லை. விழிப்படைந்த வாடிக்கையாளர் மறைவிலையைத் தவிர்த்துக்கொண்டு, மலிவான முதன்மை விலையை அதே பழைய கடையில் அனுபவிப்பார். அறியாதவர் கட்டும் பணத்தில் அறிந்தவர் சலுகை பெறுவது இதன் விளைவு. முதன்முறையாகக் குடும்பத்தோடு பயணம் செய்பவரே இதில் அதிகம் இழப்பவர் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே சட்டம் தேவைப்படுகிறது. அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 2024 டிசம்பரில் அறிவித்து 2025 மே 12 முதல் நடைமுறைக்கு வந்த விதி, குறுகிய காலத் தங்குமிடங்கள் கட்டாயக் கட்டணங்கள் அனைத்தையும் சேர்த்த மொத்த விலையையே முதலில் காட்ட வேண்டும் என்கிறது. இதில் ஓர் ஓட்டை உண்டு. விருப்பத்தின் பேரில் பெறும் சேவைகள் அந்த மொத்த விலைக்குள் வர வேண்டியதில்லை. வாகன நிறுத்தம் காகிதத்தில் விருப்பச் சேவை. காரில் மட்டுமே சென்றடையக்கூடிய விடுதியில் அது எவ்வகையில் விருப்பமாகும்?

இந்தியாவில் இக்கேள்வி வேறு பெயரில் வந்தது. உணவகங்களும் விடுதிகளும் சேவைக் கட்டணத்தைத் தாமாகவே ரசீதில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வழிகாட்டுதல் வெளியிட்டது. வேறு பெயரில் வசூலிப்பதையும் அது தடுத்தது. உணவக, விடுதிச் சங்கங்கள் வழக்குத் தொடுத்தன. 2025 மார்ச் 28 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் அந்த வழிகாட்டுதல்களை உறுதி செய்தது. 2023 நவம்பரில் அறிவிக்கப்பட்ட ஏமாற்று வடிவமைப்புகளுக்கு எதிரான வழிகாட்டுதல்களோ, விலையைத் துளித்துளியாக வெளியிடுவதை 13 முறைகேடுகளுள் ஒன்றாகப் பட்டியலிட்டன. வணிக வளாகங்களின் வாகனக் கட்டணத்தில் மட்டும் நீதிமன்றங்கள் ஒரே திசையில் செல்லவில்லை. 2019இல் குஜராத் உயர் நீதிமன்றம் வசூலிக்கக் கூடாது என்றது. 2025இல் கேரள உயர் நீதிமன்றம் உரிமம் பெற்று வசூலிக்கலாம் என்றது.

இவ்வழக்குகளுக்கிடையே அதிகம் பேசப்படாத ஒரு தீர்ப்பு மிக முக்கியமானது. 1998 ஆகஸ்டில் டெல்லி தாஜ் மகால் ஓட்டலுக்கு வந்த ஒருவர் தம் மாருதி ஜென் காரின் சாவியை ஊழியரிடம் கொடுத்தார், கார் திருடப்பட்டது. அனுமதிச் சீட்டில் ‘உரிமையாளரின் சொந்தப் பொறுப்பில்’ என்று அச்சிடப்பட்டிருப்பதை ஓட்டல் சுட்டிக்காட்டியது. 2019 நவம்பர் 14 அன்று உச்ச நீதிமன்றம் ஓட்டலின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. தன் ஊழியர்களின் கவனக்குறைவுக்கான பொறுப்பை அந்த அச்செழுத்தால் உதற முடியாது என்பது தீர்ப்பு. வாகனம் நிறுத்தித் தரும் சேவை இலவசமாகத் தரப்பட்டாலும் அதற்கான ஈடு மறைமுகமாக உண்டு என்றும் நீதிமன்றம் கண்டது. பெரிய ஓட்டல்கள் அறைக்கும் உணவுக்கும் பெறும் உயர்ந்த விலையில் அச்செலவு அடங்கியிருக்கிறது என்பதே அதன் பொருள். ஷூப் சொன்ன உண்மையை உச்ச நீதிமன்றமும் ஏற்றது எனலாம். அப்படியானால், ஏற்கெனவே விலையில் அடங்கியதைத் தனியே விலையிடும் விடுதி முந்தைய விலையைக் குறைத்துக் காட்டக் கடமைப்பட்டது. விருந்தினர் தாமே நிறுத்தும் இடத்துக்குப் பணம் பெற்றுக்கொண்டு, ‘வாகனப் பாதுகாப்புக்கு நிர்வாகம் பொறுப்பன்று’ என்று பலகை மாட்டும் வழக்கத்துக்கும் அறம் எதுவும் துணை நிற்காது.

இவையனைத்தும் ரங்கத்தில் கூர்மையடைகின்றன. போர்ட் பிளேரிலிருந்து, அதாவது இன்றைய ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து, ரங்கத் சாலை வழியே ஏறத்தாழ 170 கிலோமீட்டர். ஜிர்காடாங் முதல் மிடில் ஸ்ட்ரெய்ட் வரை ஜாரவா பழங்குடியினரின் காப்புக் காட்டினூடே, குறித்த நேரங்களில் மட்டும், காவலுடன் கூடிய வாகன வரிசையில் செல்ல வேண்டும். பின்னர் பெர்ரியில் வாகனத்தை ஏற்றிப் பாராடாங் அடைந்து, அங்கிருந்து நடு அந்தமானுக்குள் வர வேண்டும். இவ்வாறு மாலையில் ரங்கத்தை வந்தடைந்த ஒருவர், விடுதியின் வாசலில் புதிய கட்டணம் ஒன்றைக் கேட்டால் என்ன செய்வார்? வந்த வழியே திரும்ப இயலாது. இரவில் அந்தக் காட்டுச் சாலை திறப்பதில்லை. நகரத்தில் ஒரு விடுதி பிடிக்காவிட்டால் அடுத்த தெருவில் இன்னொன்று உண்டு. தீவில் வாசலில் சொல்லப்படும் விலை ஏறக்குறைய ஆணை.

கட்டணம் யார் தோளில் இறங்குகிறது என்பதும் இங்கு வேறுபடுகிறது. அந்தமானுக்கு வருபவர் சொந்தக் காரை ஓட்டி வருவதில்லை; ஓட்டுநரோடு வாடகைக் கார் எடுக்கிறார். வாகனக் கட்டணம் என்று வந்தவுடன், அதைப் பயணி தருவாரா, வண்டி முதலாளி தருவாரா, ஓட்டுநரின் இரவு பேட்டாவிலிருந்து கழியுமா என்ற பேச்சு தொடங்கும். அந்தப் பேச்சில் வலுவற்ற குரல் யாருடையது என்பது தெளிவு. வண்டிக்கு இடம் விற்கும் விடுதி, அதை ஓட்டி வந்தவர் படுக்கவும் குளிக்கவும் இடம் தருகிறதா என்ற கேள்வியும் உடன் எழ வேண்டும்.

ரங்கத்தில் இன்று கேளிக்கைப் பூங்கா எதுவும் இல்லை. ஆம்குஞ்ச் கடற்கரையும், தானி நாலாவின் அலையாத்திக் காட்டு நடைபாதையும், ஆமைகள் முட்டையிடக் கரையேறும் கத்பர்ட் பேயும்தான் அதன் செல்வங்கள். ஆனால் ரங்கத்துக்கு அருகிலுள்ள லாங் தீவு, நிதி ஆயோக் முன்வைத்த தீவு வளர்ச்சித் திட்டத்தில் சுற்றுலா விடுதிகளுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட தீவுகளுள் ஒன்று. பெரு விடுதிகள் வரும்போது அவற்றின் விலையிடும் பழக்கங்களும் உடன் வரும். லாங் தீவுக்குக் கார் செல்லாது. எனவே அங்குக் கட்டணம் படகுக்கோ, படகுத்துறைக்கோ, கடற்கரைக்கோ விதிக்கப்படலாம். பெயர் மாறினாலும் கேள்வி மாறாது.

அதற்கு மூன்று அளவுகோல்கள் போதும். முதலில் காட்டப்படும் விலையிலேயே கட்டணம் அடங்கியிருக்கிறதா? அதைச் செலுத்தாமல் அங்குச் சென்று தங்க உண்மையான வழி உண்டா? பணம் பெறுபவர் அதற்கு ஈடான பொறுப்பை ஏற்கிறாரா? மூன்றுக்கும் ஆம் எனில், எவ்வளவு உயர்ந்த கட்டணமும் விலைதான், பிடிக்காதவர் விலகிக்கொள்ளலாம். ஒன்றுக்கு இல்லை எனினும், எவ்வளவு சிறிய தொகையும் பறிப்புதான்.

முதல் அறை வாடகைக்கு விடப்படுமுன், ஏல நிபந்தனையிலும் உரிமத்திலும் இம்மூன்றையும் தீவு நிர்வாகம் எழுதிவிட முடியும். விடுதி கட்டி முடிந்தபின் எழுத முயன்றால் டெல்லி வழக்கைப் போல் ஆண்டுகள் ஓடும். பொருளியல், சட்டம், சுற்றுலாவியல் பயிலும் மாணவர்களுக்கும் இங்கு எளிய பணி காத்திருக்கிறது. தீவின் விடுதிகள் விளம்பரத்தில் காட்டும் விலையையும் விருந்தினர் புறப்படும்போது கையில் வாங்கும் ரசீதையும் அருகருகே வைத்து, ஒவ்வொரு பருவத்திலும் பதிவு செய்யலாம். அத்தகைய பதிவேடு இருந்தால், இரண்டு தொகைகளுக்கும் இடையிலான இடைவெளியை யார் நிரப்புகிறார்கள் என்று நிர்வாகத்திடம் சான்றோடு கேட்க முடியும்.