சிக்கனம் யாருக்கு உபதேசம்?

பல்கலைக்கழகம் புகும் மாணாக்கருக்கு இன்று ஓர் உபதேசம் தாராளமாகக் கிடைக்கிறது. "வரவறிந்து செலவு செய், மாதத் தொடக்கத்திலேயே திட்டமிடு, மிஞ்சுவதைச் சேமி" என்பதே அது. கருத்தரங்குகளிலும் பரிசளிப்பு மேடைகளிலும் இதனைக் கேட்கிறோம். உபதேசத்திலே பிழையில்லை, அது யாரை நோக்கிச் சொல்லப்படுகிறது என்பதிலேதான் பிழை.

மருதமுனையை எடுத்துக்கொள்வோம். கைத்தறியால் பெயர்பெற்ற ஊர் இது. சாரனும் சேலையும் நெய்த கைகளே இவ்வூரின் பல ஆசிரியர்களைப் படிப்பித்தன. நூலும் சாயமும் கடல் கடந்து வருவன. டொலர் ஏற, அவற்றின் விலையும் ஏறும். நெய்பவரின் கூலியோ அந்த வேகத்தில் ஏறுவதில்லை. அந்தக் கூலியிலே அரிசிக்கு இவ்வளவு, மின்சாரத்துக்கு இவ்வளவு, சீட்டுக்கு இவ்வளவு எனப் பிரித்துவைக்கும் தாயின் பிள்ளைக்கா சிக்கனம் கற்பிக்க வேண்டும்? சீட்டுப் பணத்தில் பிள்ளையை ஒலுவிலுக்கும் பேராதனைக்கும் அனுப்பும் பெண்கள் எந்தக் கணக்காளருக்கும் இளைத்தவரல்லர்.

கணக்கையே பார்ப்போம். 1945 இல் நடைமுறைக்கு வந்த கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் பல்கலைக்கழகம் வரை கட்டணத்தை நீக்கிற்று. கட்டணம் நீங்கினாலும் பசி நீங்குவதில்லை. மாணாக்கருக்கு உதவிப்பணம் வழங்கும் மஹாபொல நிதியம் 1981 இல் சட்டமாயிற்று. அந்த உதவிப்பணத்தின் கதி என்ன? 2022 செப்டெம்பரில், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதம், உணவுக்கு மட்டும் 94.9 சதவீதம். அதாவது, ஓராண்டுக்கு முன் 100 ரூபாவுக்கு வாங்கிய உணவுக்கு ஏறக்குறைய 195 ரூபா. அப்போதும் மஹாபொல மாதம் 5,000 ரூபாவே. அது 7,500 ஆவதற்கு 2025 ஏப்ரல் வரை காத்திருக்க நேர்ந்தது.

5,000 ரூபாவை முப்பது நாளுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு 166 ரூபா. மூன்று வேளைச் சாப்பாடு, அறை வாடகை, பஸ் கட்டணம், நிழற்பிரதி அனைத்தும் அதற்குள் அடங்க வேண்டும்! 7,500 ஆனபோதும் நாளொன்றுக்கு 250 ரூபாதான். இதிலே சேமிக்கச் சொல்வோர் ஒரு வாரம் வாழ்ந்து காட்டட்டும்.

"பணவீக்கம் தணிந்துவிட்டதே" என்பர். தணிந்தது விலை ஏறும் வேகமேயன்றி, ஏறிய விலையன்று. "மாணாக்கர் கையில் விலையுயர்ந்த கைப்பேசி இருக்கிறதே" என்பர். 2020 இல் விரிவுரைகள் இணையத்துக்கு மாறியபோது அந்தக் கைப்பேசிதான் வகுப்பறையாயிற்று என்பதை மறந்துவிடுகின்றனர். வீண்செலவு செய்வோர் சிலர் இருக்கலாம். அவர்களைக் காட்டி, காலை உணவைக் கைவிட்டு விரிவுரைக்குச் செல்லும் பலரை மறைப்பது நியாயமன்று.

அவ்வாறாயின் கணக்கு எழுதவே வேண்டாமா? எழுதத்தான் வேண்டும். ஆனால் தன்னைத்தானே குற்றவாளியாக்கிக்கொள்வதற்காக அன்று, சாட்சியம் சேர்ப்பதற்காக. ஒருவன் எழுதிய கணக்கு அவனுடைய கவலையாகவே முடிந்துவிடும். ஒரு பீடத்தின் நூறு மாணாக்கர் எழுதிய கணக்கு ஒன்றுசேர்ந்தால், அது மறுக்கவியலாத கோரிக்கையாகும். விலைச் சுட்டெண்ணுக்கு ஏற்ப உதவிப்பணம் ஆண்டுதோறும் உயர வேண்டும். குறித்த திகதியில் கைக்கு வர வேண்டும். பணம் என்று வருமென்று தெரியாதவனிடம் மாதத் திட்டம் கேட்பது பரிகாசமன்றி வேறென்ன?

ஆசிரியர்களாகிய நமக்கும் இதில் பங்குண்டு. வகுப்பிலே வட்டிக் கணக்குப் படிப்பிக்கிறோம். கைப்பேசியில் நொடியில் கிடைக்கும் கடன் எத்தனை மடங்காய்த் திரும்பக் கேட்கும் என்பதையும், விலைச் சுட்டெண் என்றால் என்ன என்பதையும் அதே கரும்பலகையில் எழுதுவோம். வரவுக்கேற்பச் செலவு செய் என்று மாணாக்கருக்குச் சொல்லுமுன், விலைக்கேற்ப வரவைக் கொடு என்று அரசுக்குச் சொல்வோம்.