ரயருக்கு இடமிருக்கா எண்டு கேட்டீங்களா?

போன கிழமை கன்ரீனில பிளேன்ரீ குடிச்சுக்கொண்டிருக்கேக்க எங்கட பச் பெடியன் ஒருத்தன் போனை நீட்டினான்.

"மச்சான், உதைப் பாரன். காபன் பிறேம். ஒரு கிலோவுக்கும் குறைவாம். கொழும்பில ஒருத்தர் விக்கிறார்."

படத்தில் கறுப்பு நிறத்தில் ஒரு பிறேம், வெள்ளைச் சுவரில் சாய்ந்து நின்றது. வடிவாகத்தான் இருந்தது. நான் இரண்டு கேள்வி கேட்டேன். "உன்ர உடம்புக்கு அளவு சரிவருமோ? எத்தினை மில்லிமீற்றர் ரயர் போடலாம்?" கலியாண வீட்டில் கறிக்கு உப்புக் காணாது எண்டு சொன்னவனைப் பார்க்கிற மாதிரி அவன் என்னைப் பார்த்தான். "உதெல்லாம் பிறகு பாப்பம்" என்றான்.

பிறகு பாக்கேலாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

எனக்கு எப்படித் தெரியும் எண்டால், நானும் அப்படித்தான் வாங்கினேன். 2022 இல் பெற்றோல் வரிசை நீண்ட நாட்களில் ஊரே திரும்பவும் சைக்கிளுக்கு வந்தது. கனபேர் வரிசை குறைந்ததும் இறங்கிவிட்டார்கள். எங்களில் சிலர் இறங்கவில்லை. விடிய வெள்ளன எழும்பி பண்ணைப் பாலத்தால் வேலணைக்குப் போவது, பொன்னாலை தாண்டிக் காரைநகருக்குப் போவது எண்டு அது ஒரு பழக்கமாகிவிட்டது. பழக்கம் ஆசையாகி, இரண்டு வருஷம் ரியூசன் குடுத்துச் சேர்த்த காசில் ஒரு பழைய காபன் பந்தய பிறேமை வாங்கினேன். ஒரு விரலில் தூக்கலாம் எண்டதே எனக்குப் போதுமாக இருந்தது. இப்போது அந்த பிறேம் வீட்டு விறாந்தைச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. நான் கம்பசுக்கு வருவது அம்மாவின் லேடீஸ் சைக்கிளில்.

அதனால் என் கருத்தை நேரே சொல்லிவிடுகிறேன். ஒரு சைக்கிளில் சீற், ஹாண்டில், சில்லு, செயின், கியர் எல்லாவற்றையும் காசு வரவர மாற்றலாம். மாற்றவே முடியாதவை இரண்டு. ஒன்று பிறேமின் ஜியோமெற்றி, அதாவது குழாய்களின் நீளமும் கோணமும். மற்றது ரயருக்கு விடப்பட்ட இடைவெளி. இரும்பு பிறேம் எண்டால் ஒட்டுக்காரரிடம் கொண்டுபோய் நெளித்தோ ஒட்டியோ ஏதாவது செய்யலாம். காபன் நார்களை அடுக்கிப் பிசின் ஊற்றி அச்சில் இறுக்கிய பொருளை நெளிக்கவும் ஏலாது, அராவவும் ஏலாது. அச்சில் எப்படிப் பிறந்ததோ அப்படியே கடைசி வரைக்கும். ஆகவே விலை பேச முதல் பார்க்கவேண்டியது இந்த இரண்டையும்தான். கிராம் கணக்கு மூன்றாவது, நாலாவது.

முதலில் ஜியோமெற்றி. பள்ளிக்கூடத்தில் நாங்கள் வெறுத்த அதே கேத்திரகணிதம்தான், பயப்பட ஒன்றுமில்லை. இரண்டு எண்கள் விளங்கினால் பாதி விளங்கிவிடும். பெடல் சுழலும் அச்சின் நடுவிலிருந்து, ஹாண்டில் நுழையும் குழாயின் மேல்நுனி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது ஸ்ராக். அதே அச்சிலிருந்து அந்த நுனி முன்பக்கமாக எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது றீச். ஸ்ராக் கூடினால் நிமிர்ந்து இருப்பீர்கள். றீச் கூடினால் எட்டிப் பிடிப்பீர்கள்.

"54" எண்டு ஒட்டியிருக்கிற அளவை நம்பவேண்டாம். ஸ்பெஷலைஸ்ட் ரார்மக் எஸ்எல்7 ஒரு பந்தய பிறேம். அதன் 54 இல் ஸ்ராக் சுமார் 544 மில்லிமீற்றர், றீச் சுமார் 384. ட்ரெக் டொமானி நீண்ட தூரம் ஓடுவதற்கெண்டு செய்தது. அதன் 54 இல் ஸ்ராக் சுமார் 575, றீச் சுமார் 374. இரண்டிலும் ஒரே எண்தான் எழுதியிருக்கிறது. ஆனால் ஒன்றில் ஹாண்டில் மூன்று சென்ரிமீற்றர் பதிவாகவும் ஒரு சென்ரிமீற்றர் தூரமாகவும் இருக்கும். மூன்று சென்ரிமீற்றர் என்ன பெரிய விசயமோ எண்டு நானும் நினைத்தேன். ஐந்தடி ஐந்தங்குல உடம்போடு அந்த மாதிரி ஒரு பந்தய பிறேமில் நாற்பது கிலோமீற்றர் ஓடிய பிறகு சின்ன விரலும் மோதிர விரலும் விறைத்தன. அடுத்த நாள் விரிவுரையில் பேனை பிடிக்கக் கஷ்டப்பட்டபோதுதான் மூன்று சென்ரிமீற்றர் எவ்வளவு எண்டு விளங்கியது.

வித்த அண்ணா சொன்ன மருந்து, "சீற்றை முன்னுக்குத் தள்ளு, சரிவரும்." தள்ளினேன். கை கொஞ்சம் ஆறியது, முழங்கால் நோகத் தொடங்கியது. சீற்றின் இடம் காலுக்கும் பெடலுக்கும் இடையிலான கணக்கு. கைக்கு எட்டவில்லை எண்டு அதைக் குழப்பினால் முழங்கால்தான் வட்டி கட்டும். ஹாண்டிலைப் பிடிக்கும் ஸ்ரெம்மைக் கட்டையாக்கலாம், அடியில் வளையங்கள் போட்டுக் கொஞ்சம் உயர்த்தலாம். அதெல்லாம் ஒன்றிரண்டு சென்ரிமீற்றரோடு முடிந்துவிடும். காபன் குழாயில் எத்தனை வளையம் போடலாம் என்பதற்கும் எல்லை இருக்கிறது.

இன்னுமொன்று. எங்களில் கனபேர் உயரம் குறைந்தவர்கள். சின்ன அளவுப் பந்தய பிறேம்களில் முன்சில்லு பெடலுக்குக் கிட்ட வந்துவிடும். மெதுவாக ஒழுங்கைக்குள் திரும்பும்போது சப்பாத்து நுனி சில்லில் முட்டும். வேகமாக ஓடுபவருக்கு அது தெரியாது. மாடு, ஓட்டோ, பிள்ளைகள் எல்லாம் குறுக்கே வரும் ஒழுங்கையில் நாளுக்கு நாலு தரம் தெரியும்.

சரி, உங்களுக்கு எந்த எண் பொருந்தும் எண்டு எப்படி அறிவது? இப்போது நோவில்லாமல் ஓடுகிற சைக்கிள் ஒன்று உங்களிடமோ நண்பரிடமோ இருக்கும். அதன் முன்சில்லைச் சுவரில் முட்டவைத்து நேராக நிறுத்துங்கள். சுவரிலிருந்து பெடல் அச்சின் நடுவுக்கும், சுவரிலிருந்து ஹாண்டில் குழாயின் மேல்நுனி நடுவுக்கும் அளவுங்கள். வித்தியாசம் றீச். நிலத்திலிருந்து அதே இரண்டு புள்ளிகளின் உயரத்தையும் எடுங்கள். வித்தியாசம் ஸ்ராக். தையல் கடை அளவுநாடா போதும். ஹாண்டிலின் வடிவம் வேறு எண்டால் நேரே ஒப்பிட முடியாதுதான். எண்டாலும் படத்தைப் பார்த்து வாங்குவதை விட ஆயிரம் மடங்கு மேல்.

இனி ரயர். என் பிறேம் சில்லின் விளிம்பைப் பிடிக்கிற பழைய பிறேக் வகை. 25 மில்லிமீற்றர் ரயருக்கு மேல் போகாது. பந்தயக்காரர் 23 இல் ஓடிய காலத்துப் பொருள். அந்தக் காலத்து ஐரோப்பிய வீதிக்கு அது சரியாக இருந்திருக்கலாம். காப்பெற் போட்ட பெரிய வீதியில் எங்களுக்கும் சரிதான். ஆனால் எங்கட ஓட்டம் காப்பெற்றில் தொடங்கி காப்பெற்றிலேயே முடிகிறதா? வீட்டு ஒழுங்கை கிறவல், வலிகாமத்துத் தோட்டப் பக்கம் செம்மண், தீவுப் பக்கம் மணல், மாரி முடிய எல்லா இடமும் பள்ளம்.

ஒல்லி ரயரில் காற்றை இறுக்கி அடிக்கவேண்டும். இல்லாவிட்டால் பள்ளத்தில் விழும்போது றிம்மும் கல்லும் ரியூப்பை நசித்து, பாம்பு கடித்த மாதிரி இரண்டு ஓட்டை விழும். இறுக்கி அடித்தால் ஒவ்வொரு கல்லும் நேரே முதுகுக்கு வரும். அகல ரயர் இந்த இரண்டு பக்க அடியிலிருந்தும் தப்பவைக்கும். கணக்கு ஓ/எல் கணக்குத்தான். பரப்பு அகலத்தின் வர்க்கத்தோடு கூடும். 23 இலிருந்து 28 க்குப் போனால் உள்ளே காற்றுக்கான இடம் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. 32 க்குப் போனால் ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதனால் காற்றைக் குறைத்தும் ஓடலாம், றிம்மும் தப்பும். "காபன் அதிர்வை உறிஞ்சும்" எண்டு விற்பவர்கள் சொல்வார்கள். சைக்கிளிலேயே மென்மையான பகுதி ரயர். அதற்கு இடம் விடாத பிறேம் எதை உறிஞ்சினாலும் எனக்கு நம்பிக்கையில்லை.

இடைவெளி வெறும் சொகுசுக் கதையும் இல்லை. ஒரு நாள் மழை விட்டுக் காரைநகரிலிருந்து திரும்பி வரும்போது பின்னால் "கிர்ர்" எண்டு ஒரு சத்தம். ஈர ரயரில் ஒட்டிய சின்னக் கல்லொன்று, பின்சில்லைப் பிடிக்கும் குழாயின் உள்பக்கத்தை உரசிக்கொண்டு வந்திருக்கிறது. ரயருக்கும் குழாய்க்கும் இடையில் இரண்டு மில்லிமீற்றர்கூட இல்லை. வீட்டுக்கு வந்து துடைத்துப் பார்த்தேன். பெயின்ற் போய், உள்ளேயிருக்கிற நார் தெரிந்தது. இரும்பில் அது ஒரு கீறல், அவ்வளவுதான். காபனில் அறுந்த நார் அறுந்ததுதான். அந்த இடத்தில் எவ்வளவு பலம் மிச்சம் எண்டு வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல ஏலாது. "பட்டி போட்டுப் பெயின்ற் அடிச்சா ஒருத்தருக்கும் தெரியாது, வித்துப்போடு" எண்டு அறிவுரை சொன்னவர்களும் இருக்கிறார்கள். ஒருத்தருக்கும் தெரியாது என்பதுதான் பிரச்சினையே. அதனால்தான் அது சுவரில் தொங்குகிறது. அம்மா ஒவ்வொரு முறையும் கூட்டும்போது அதைப் பார்க்கிறா. ஒன்றும் கேட்பதில்லை. அதுதான் கஷ்டம்.

பந்தயக்காரர்களே இப்போது ஒல்லி ரயரை விட்டுவிட்டார்கள். பரிஸ்–ரூபே பந்தயம் சுமார் 260 கிலோமீற்றர். அதில் ஏறத்தாழ 55 கிலோமீற்றர் பழைய கல் பாவிய வீதி. அங்கே 30, 32 மில்லிமீற்றர் ரயர்கள் சாதாரணம். வழுவழுப்பான வீதியில்கூட 28 உம் அதற்கு மேலும் வந்துவிட்டது. நான் மேலே சொன்ன டொமானி 2019 இலிருந்து 38 மில்லிமீற்றர் வரைக்கும் இடம் விடுகிறது.

38 எண்டதைப் பார்த்தபோது எனக்கு அப்பப்பாவின் றலி சைக்கிள் ஞாபகம் வந்தது. கொட்டிலுக்குள் நின்ற அதன் ரயரில் 28 × 1½ எண்டு அச்சடித்திருந்தது. ஒன்றரை அங்குலம் எண்டால் 38 மில்லிமீற்றர்! நிமிர்ந்து இருக்கும் ஹாண்டில், சாய்ந்த முன்குழாய், மட்காட்டுக்கும் ரயருக்கும் நடுவில் விரல் விடலாம். பொருளாதாரத் தடைக் காலத்தில் விறகும் நெல்மூட்டையும் நோயாளியும் போன வாகனம் அது. அது பாரம்தான், திரும்ப அதற்குப் போகச் சொல்லவில்லை. ஆனால் உடம்புக்கும் றோட்டுக்கும் முதலிடம் கொடுத்த சைக்கிள் எங்கட கொட்டிலுக்குள்ளேயே நின்றது. நாங்கள் அதைப் பழசு எண்டு ஒதுக்கிவிட்டு, வேறு உடம்புக்கும் வேறு றோட்டுக்கும் செய்த பிறேமில் போய் எங்களை மடித்துப் பொருத்தப் பார்க்கிறோம்.

"பாரம் குறைஞ்சா வேகம் கூடுமே?" எண்டு கேட்பீர்கள். ஏற்றத்தில் கூடும். ஓட்டுபவரும் சைக்கிளும் சேர்ந்து 78 கிலோ எண்டு வையுங்கள். ஒரு கிலோ குறைத்தால் ஒரு மணித்தியால ஏற்றத்தில் ஒரு நிமிஷம்கூட மிஞ்சாது. நுவரெலியாவுக்கு ஏறி ஓடும் நண்பர்களுக்கு அந்த நிமிஷம் பெறுமதியாக இருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் யாழ்ப்பாணத்தில் ஏற்றம் எங்கே? இங்கே எதிர்ப்பது காற்று. விறைத்த கையோடு நிமிர்ந்து நிமிர்ந்து ஓடுபவரை விட, கொஞ்சம் உயரமான ஹாண்டிலைப் பிடித்துக் குனிந்தபடியே ஓடக்கூடியவர் முன்னுக்குப் போவார்.

"அப்ப காபனே வேண்டாமோ?" அப்படியும் சொல்லவில்லை. கம்பஸ், ரியூசன், கடை எண்டு ஓடுபவருக்கு அலுமினியமே தாராளம். ஆனால் ஆசைப்படுவது குற்றமில்லை. எங்கட வயதில் சொந்தக் காசில் ஒன்றுக்கு ஆசைப்படும் சந்தர்ப்பமே குறைவு. அந்த ஆசை மூன்று மாதத்தில் சுவரில் தொங்கக் கூடாது என்பதுதான் என் கவலை.

ஆகவே காசு குடுக்க முதல் விற்பவரிடம் கேளுங்கள். பிறேமின் பெயரும் ஆண்டும் என்ன? இரண்டும் கிடைத்தால் ஜியோமெற்றி அட்டவணையைத் தேடலாம். பின்சில்லுக் குழாய்களுக்கு நடுவில், ரயர் வரும் இடத்தில், எத்தனை மில்லிமீற்றர்? ரயரின் உண்மையான அகலத்தைவிட இரண்டு பக்கமும் குறைந்தது நாலு நாலு மில்லிமீற்றர் மிச்சம் வேண்டும். அகல றிம்மில் 28 எண்டு போட்ட ரயர் 30 ஆக விரியும் என்பதையும் கணக்கில் எடுங்கள். முன்போர்க்கின் மேல்பகுதியையும் அளவுங்கள், அங்கேயும் முட்டும். திரும்பப் பெயின்ற் அடித்ததா எண்டு கேட்டு, குழாய்களின் உள்பக்கப் படங்களைக் கேளுங்கள். எங்கட றோட்டுக்கு 32 போகாத பிறேமை, சும்மா தந்தாலும் இரண்டு தரம் யோசிப்பேன்.

அந்தப் பெடியன் நேற்று வந்தான். கடைசியில் கேட்டிருக்கிறான். விற்பவர் அனுப்பிய பதிலைக் காட்டினான்: "தம்பி, உதெல்லாம் இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கேல்லை."

வாங்குவானா, விடுவானா தெரியாது. இப்போதைக்கு அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து அளவுநாடாவை எடுத்துக் குடுத்திருக்கிறேன்.