நான்கு சக்கரம் இழுத்தாலும் நிறுத்துவது டயர்தான்!



நம் நாட்டில் யாருக்குமே தேவைப்படாத ஒரு பொருளைப் பற்றி இந்த முறை எழுதப் போகிறேன். அதுதான் குளிர்கால டயர்! "வருடம் முழுவதும் வெயிலும் மழையுமாக இருக்கிற ஊரில் இது எதற்கு வாத்தியாரே?" என்று நீங்கள் கேட்பீர்கள். காரணம் இரண்டு உண்டு.

முதலாவது, நம் பிள்ளைகள் படிப்புக்கும் வேலைக்கும் கனடா, ஜெர்மனி, சுவீடன் என்று குளிர் நாடுகளுக்குப் போகிறார்கள். கையில் நாலு காசு சேர்ந்ததும் கார் வாங்குகிறார்கள். இளவயது அல்லவா? வேகமான கார்மேல்தான் கண் போகும். நான்கு சக்கரமும் இழுக்கிற சுபாருவோ அவுடியோ வாங்கிவிட்டு, "இந்தக் காருக்குப் பனியெல்லாம் ஒரு பொருட்டே இல்லை, தனியாக டயர் எதற்கு?" என்று சொல்கிற பிள்ளைகள் உண்டு. அப்படிச் சொல்கிற பிள்ளைக்கு எடுத்துச் சொல்ல, வீட்டில் ஒருவருக்காவது விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, டயர் என்றால் ரப்பர். ரப்பரைப் பற்றிப் பேச நம்மைவிட உரிமையுள்ளவர் யார்?

ரப்பருக்கும் குளிர் உண்டு

1980களில் உலகிலேயே அதிகமாக இயற்கை ரப்பர் விளைந்த நாடு மலேசியா. இன்று தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறிவிட்டாலும், பால்மரம் வெட்டிய கைகள் நம் வீடுகளில் இன்னும் இருக்கின்றன. மங்கிலேயே உறைந்துபோன பாலை மூட்டை கட்டி அனுப்புகிறோமே, அதிலிருந்துதான் எஸ்.எம்.ஆர். 20 என்ற தரத்து ரப்பர் செய்யப்படுகிறது. டயர்த் தொழிற்சாலைகள் பெருமளவில் வாங்குவது அந்தத் தரத்தைத்தான்.

ரப்பரின் சிறப்பு அதன் இளக்கம். சாலையின் மேடு பள்ளங்களுக்குள் அது அழுந்திப் படிவதால்தான் பிடிப்பு வருகிறது. ஆனால் எல்லா ரப்பரும் குளிரில் ஒன்றுபோல் நடந்துகொள்வதில்லை. வேகக் கார்களுக்குச் செய்யப்படும் கோடைக்கால டயரின் ரப்பர்க் கலவை, வெயிலில் நன்றாகப் பிடிக்கும். வெப்பம் 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கினால் விறைக்கத் தொடங்கும். உறைநிலைக்கு அருகில் அத்தகைய டயரை ஓட்டவே கூடாது, மேற்பகுதி வெடித்துப் பிளக்கலாம் என்று டயர் நிறுவனங்களே எச்சரிக்கின்றன.

இயற்கை ரப்பரோ கண்ணாடி போல் இறுகுவதற்கு ஏறத்தாழ 70 டிகிரி உறைகுளிர் வேண்டும். ஆகவே குளிர்கால டயரின் கலவையில் இயற்கை ரப்பரையும், குளிர் தாங்கும் செயற்கை ரப்பரையும், சிலிக்கா என்ற மணல்வகைத் தூளையும் சேர்க்கிறார்கள். வெளியே பனி கொட்டும்போதும் அந்த டயர் இளக்கமாகவே இருக்கும்.

இன்னொன்று, அதன் மேற்பகுதி. ஆழமான பள்ளங்களோடு, கத்தியால் கீறியதுபோல் நூற்றுக்கணக்கான நுண்ணிய வெட்டுகளும் அதில் இருக்கும். பள்ளங்களில் பனி நிரம்பி, அந்தப் பனி சாலைப் பனியோடு ஒட்டிக்கொள்ளும். நுண்ணிய வெட்டுகள் பனிக்கட்டியின்மேல் படரும் மெல்லிய நீரை வழித்துவிட்டு, விளிம்பு விளிம்பாகப் பற்றும்.

இது நேற்று வந்த வித்தை அல்ல. பின்லாந்தில் இன்று நோக்கியன் என்று அறியப்படும் நிறுவனம், 1934-இல் லோரிகளுக்கும் 1936-இல் கார்களுக்கும் குளிர்கால டயரைச் செய்து விற்றது.

நான்கு சக்கரத்தின் பெருமை எதுவரை?

மழைக்காலத்தில் செம்மண் சடக்கில் தோட்டத்து லோரி சிக்கிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். பின்சக்கரம் இரண்டும் சுற்றிச் சுற்றிச் சேற்றை வாரி இறைக்கும், வண்டி நகராது. முன்சக்கரங்களும் சேர்ந்து இழுத்தால் வெளியே வந்துவிடும். நான்கு சக்கர இயக்கத்தின் பயன் அதுதான். 1980-இல் அவுடி நிறுவனம் 'குவாட்ரோ' காரை வெளியிட்டது. மறு ஆண்டே சுவீடனில் பனிச் சாலைகளில் நடந்த ராலிப் பந்தயத்தில் ஹன்னு மிக்கோலா அந்தக் காரில் வென்றார். அதிலிருந்து நான்கு சக்கர இயக்கத்துக்குப் பெரும்புகழ். ஆனால் பனிப் பந்தயத்தில் ஓடும் கார்களின் டயரைப் பாருங்கள். ஒடுக்கமாக, இரும்பு முளைகள் பதித்து இருக்கும். இழுக்கும் சக்கரம் மட்டும் போதும் என்று பந்தயக்காரர்களே நினைப்பதில்லை.

இப்போது கேள்வி இதுதான். கிளம்புவதற்கு உதவுகிற நான்கு சக்கரம், நிற்பதற்கு உதவுமா?

உதவாது. ஏனென்றால் எந்தக் காராக இருந்தாலும் பிரேக் நான்கு சக்கரத்திலும்தான் பிடிக்கிறது. சாதாரணக் காருக்கும் நான்கு, விலையுயர்ந்த காருக்கும் நான்கு. வளைவில் திரும்பும்போதும் காரைச் சாலையில் இருத்துவது டயரின் பிடிப்பு மட்டுமே.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கார் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. காய்ந்த சாலையில் பிடிப்பு எண் 0.8 என்றால், பிரேக் அழுத்தியபின் சுமார் 12 மீட்டரில் நின்றுவிடும். பனிக்கட்டிமேல் பிடிப்பு 0.1 ஆகக் குறைந்தால் 98 மீட்டர் வழுக்கிக்கொண்டு போகும். பந்து விளையாடும் திடலின் ஒரு கோல் கம்பத்திலிருந்து மறு கம்பம்வரை! நல்ல டயரால் அந்தப் பிடிப்பு 0.15 ஆக உயர்ந்தாலும், 65 மீட்டரில் நின்றுவிடும். மீதமுள்ள 33 மீட்டருக்குள் ஒரு குழந்தை சாலையைக் கடந்துகொண்டிருந்தால்? டயரின் விலையை அந்த இடத்தில் நின்று கணக்குப் பார்க்க வேண்டும்.

இதில் இன்னோர் ஆபத்தும் மறைந்திருக்கிறது. சாதாரணக் கார் கிளம்பும்போதே சக்கரம் வழுக்கி, "சாலை சரியில்லை" என்று ஓட்டுபவருக்குச் சொல்லிவிடும். நான்கு சக்கரக் கார் அந்த எச்சரிக்கையைத் தராமல் ஜம்மென்று கிளம்பிவிடும். சாலை வழுக்குகிறது என்ற உண்மை முதல்முறை பிரேக் அழுத்தும்போதுதான் தெரியவரும்.

எதைப் பார்த்து வாங்குவது?

முதலில் ஊரைப் பார்க்க வேண்டும், பிறகுதான் காரை. குளிர்கால டயரில் மூன்று வகை உண்டு. இரும்பு முளை பதித்தது ஒன்று. பனிக்கட்டி உறைந்த சாலைக்கு அதுவே சிறந்தது. ஆனால் சாலையைத் தேய்க்கும், இரைச்சல் போடும். ஜெர்மனியிலும் தென் ஒண்டாரியோவிலும் அதற்குத் தடை உண்டு. ஜப்பானில் முளை டயர்கள் கிளப்பிய தூசி பெருந்தொல்லையாகி, 1990-இல் அதற்கெதிராகச் சட்டமே வந்தது.

இரண்டாவது, முளையில்லாத மிக இளகிய வகை. மொன்றியல் போன்ற கடுங்குளிர் நகரங்களுக்கு ஏற்றது. மூன்றாவது, ஈரச் சாலையிலும் வேகப் பாதையிலும் உறுதியாக நிற்கும் சற்று இறுகிய வகை. மூனிக் போன்ற ஊரில், நெடுஞ்சாலையில் வேகமாக ஓடுபவருக்கு இது பொருந்தும். வேகக் கார் வைத்திருக்கிறோம் என்பதற்காகக் கடும்பனி ஊரில் மூன்றாம் வகையை வாங்கினால், கார் வளைவில் மிடுக்காகத் திரும்பும். ஆனால் பனிக்கட்டியில் இரண்டாம் வகைதான் சீக்கிரம் நிற்கும்.

அடுத்து, முத்திரை. டயரின் பக்கவாட்டில் மூன்று சிகர மலையும் அதற்குள் ஒரு பனிப்பூவும் பொறித்திருக்க வேண்டும். பனியில் சோதித்துத் தேறிய டயருக்குத்தான் அது கிடைக்கும். எம், எஸ் என்ற எழுத்துகள் மட்டும் இருந்தால் போதாது. அவை மேற்பகுதியின் அமைப்பைக் குறிப்பவை, சோதனையில் தேறியதற்குச் சான்று அல்ல. ஜெர்மனியில் 2024 அக்டோபர் முதல், பனிச் சாலையில் மலை முத்திரை உள்ள டயரைத்தான் சட்டம் ஏற்கிறது.

மூன்றாவது, அளவு. குளிர்காலத்துக்கு ஒரு அங்குலம் சிறிய சக்கரத்தில், சற்று ஒடுக்கமான, பக்கவாட்டு உயரம் கூடிய டயர் நல்லது. பனியை அது கிழித்துக்கொண்டு போகும், குழியில் விழுந்தாலும் சக்கரம் நெளியாது. ஆனால் மொத்த உயரம் மாறக் கூடாது. உதாரணமாக 245/40 ஆர் 18 டயரின் உயரம் 653 மில்லிமீட்டர், 225/50 ஆர் 17 டயரின் உயரம் 657. ஏறத்தாழ ஒன்றுதான். வேகக் கார்களுக்குப் பிரேக் பெரிதாக இருக்கும் என்பதால், சிறிய சக்கரம் அதன்மேல் முட்டாமல் உட்காருமா என்று கார்க் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நான்காவது, நான்கும் ஒரே மாதிரி. இதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். காசை மிச்சப்படுத்த இரண்டை மட்டும் மாற்றினால், முன்னால் பிடிக்கும், பின்னால் வழுக்கும், கார் பம்பரம்போல் சுழலும். அதோடு, நான்கு சக்கர இயக்கத்தில் முன்னும் பின்னும் பற்சக்கரங்களால் இணைந்திருப்பதால், ஒரு டயர் பெரிதும் ஒரு டயர் சிறிதுமாக இருந்தால் நடுவிலுள்ள பொறி ஓயாமல் உழைத்துச் சூடேறிக் கெட்டுவிடும். டயர்களின் சுற்றளவு கால் அங்குலத்துக்கு மேல் வேறுபடக் கூடாது என்பது சுபாரு நிறுவனம் சொல்லும் விதி.

பழைய டயர் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குவோரும் உண்டு. பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 3523 என்றால் 2023-ஆம் ஆண்டின் 35-ஆம் வாரத்தில் செய்தது என்று பொருள். ரப்பர் முதுமையடைந்தால் இறுகிப்போகும். ஆழமும் முக்கியம். சுவீடனிலும் பின்லாந்திலும் 3 மில்லிமீட்டருக்குக் குறைந்த குளிர்கால டயரைச் சட்டம் அனுமதிப்பதில்லை. 4 மில்லிமீட்டர் இருக்கும்போதே மாற்றிவிடுவது புத்தி. நம் ஊரில் மொட்டை டயரோடு ஒப்பேற்றுகிற பழக்கத்தை அங்கே கொண்டுபோகக் கூடாது. குளிர் கூடக் கூடக் காற்றழுத்தம் குறையும் என்பதால், மாதம் ஒருமுறையாவது காற்றும் பார்க்க வேண்டும்.

செலவா, சேமிப்பா?

கனடாவின் கியூபெக் மாநிலத்தில் 2008-ஆம் ஆண்டிலிருந்து குளிர்கால டயர் கட்டாயம். இப்போது அங்கே டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அது இல்லாமல் கார் ஓட்ட முடியாது. டொரொண்டோ இருக்கும் ஒண்டாரியோவில் கட்டாயம் இல்லை. ஆனால் 2016 ஜனவரி முதல், குளிர்கால டயர் போட்டவருக்குக் காப்புறுதி நிறுவனங்கள் கட்டணத்தில் கழிவு தந்தாக வேண்டும். பிள்ளைகள் கேட்டுப் பெற்றுக்கொள்ளட்டும். மேலும், குளிர்கால டயர் ஓடும் மாதங்களில் கோடை டயர் தேயாமல் கிடக்கிறது. ஒன்று வேலை செய்யும்போது மற்றொன்று ஓய்வெடுக்கிறது. ஆகவே செலவு இரட்டிப்பு என்று நினைப்பது சரியல்ல.

வசந்தம் வந்ததும் கழற்றி, கழுவி, வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும். வெயிலில் போட்ட ரப்பர் என்னாகும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

பெற்றோர்களே, தொலைபேசியில் பேசும்போது "சாப்பிட்டாயா, சட்டை போட்டிருக்கிறாயா" என்று கேட்கிறீர்கள். இனி அக்டோபர் மாதம் பிறந்தால், "டயர் மாற்றிவிட்டாயா? நான்கையுமா? மலை முத்திரை இருக்கிறதா?" என்றும் கேளுங்கள். "அம்மாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?" என்று பிள்ளை வியந்தால், "பால் வெட்டியவளுக்கு ரப்பர் தெரியாதா?" என்று தலைநிமிர்ந்து சொல்லுங்கள்.

அடுத்த இதழில் வேறொரு செய்தியோடு சந்திப்போம்.