காந்தம் சொல்லும் உண்மை



சீனன்குடா போன்ற துறைமுக ஊர்களில் உப்புக் காற்று உருக்கைச் சீக்கிரம் கறளாக்கிவிடும். அதற்காக, பாடசாலை பாண்ட் குழு கழித்த ஸ்னேர் மேளத்தைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். முதலில் அது இன்னதென்று அறியுங்கள்.

அடிமட்டத்தால் உடலின் உயரத்தை அளவெடுங்கள். வழக்கமான ஸ்னேர் 5 முதல் 6½ அங்குலம். 3 முதல் 4 அங்குலமே இருந்தால் அது பிக்கோலோ. கீழ்த்தோலில் உரசும் கம்பிகள் இரண்டுக்கும் உண்டு.

மினுமினுப்பை நம்பாதீர்கள், குரோமியப் பூச்சு எல்லாவற்றையும் ஒன்றுபோலக் காட்டும். காந்தத்தை நடு உடலில் வையுங்கள். ஒட்டினால் உருக்கு, ஒட்டாவிட்டால் பித்தளையோ அலுமினியமோ ஆகலாம். விளிம்பு வளையத்தில் வைக்காதீர்கள். பித்தளை மேளத்துக்கும் உருக்கு வளையம் இருக்கும்.

பிளாஸ்டிக் தோல் 1950களின் பிற்பகுதியில்தான் பரவியது. ஆனால் தோல் அடிக்கடி மாறும் பொருள். அதைக் கொண்டு மேளத்தின் வயதைக் கணிக்க வேண்டாம். காற்றுத் துளையைச் சுற்றியுள்ள நிறுவன முத்திரையே நல்ல சாட்சி. அதைக் கழற்றாதீர்கள்.

கழற்றுமுன் படம் பிடியுங்கள். கறளை எண்ணெய் தொட்ட மென்துணியால் துடையுங்கள்; உப்புத்தாள் குரோமியத்தை உரித்துவிடும். திருகாணிகளுக்கு எண்ணெய் விட்டு, எதிரெதிராகச் சிறிது சிறிதாக முறுக்குங்கள். பழைய திருகாணிகளை வீசாதீர்கள்.

விற்க நேர்ந்தால், மாற்றியதையும் உரிந்ததையும் வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள். உருக்கைப் பித்தளையென்று விற்ற காசில் பரக்கத் இராது.