எட்டடி என்னும் பெயர்

சாம்பல் நிறப் பாம்பு நஞ்சுடையதோ என்று மாணாக்கர் வினவுங்கால், ஒரு சொல்லில் விடையிறுத்தல் தகாது. நிறம் பாம்பின் இனத்தைக் காட்டாது. தோலுரிக்குமுன் பாம்புகள் பலவும் மங்கிச் சாம்பல் பூத்தே தோன்றும். வயல் வரம்பில் எலி தேடுஞ் சாரையும் சிலவிடத்து அந்நிறத்ததே, அது நஞ்சற்றது. (நாகத்தின் ஆணே சாரை என்பார் கூற்றும் பொய், இரண்டும் வெவ்வேறினம்.)

அஞ்சத்தக்கது எண்ணெய் விரியன். நீலங்கலந்த கருஞ்சாம்பல் மேனி; எண்ணெய் பூசினாற் போன்ற மினுக்கு. சிங்களத்தாரும் இதனைத் 'தெல் கரவலா' என்பர். 'தெல்' என்பது எண்ணெயே. குறுக்கே மெல்லிய வெண்கோடுகள், பெரும்பாலும் இரண்டிரண்டாய், கழுத்துப்புறத்தே மங்கி வாற்புறத்தே தெளிந்திருக்கும். சுவரேறும் ஓநாய்ப் பாம்புக்கோ கழுத்தருகே தெளிந்த பட்டைகள் வாற்புறம் மங்கும், அதற்கு நஞ்சில்லை. விரியனின் முதுகு நடுவரிசைச் செதில்கள் அறுகோணமாய்ப் பெருத்திருக்கும் என்பர் நூலோர். ஆயினும் கிட்ட நின்று செதில் பார்க்குமாறு எவரையும் ஏவேன்.

யான் குறை கூறுவது இதன் மற்றொரு பெயரை. எட்டடி விரியன் என்கின்றோம். கடியுண்டார் எட்டடிக்குள் வீழ்வர் என்று பொருளுங் கூறுகின்றோம். இப்பெயர் உயிரைக் கொள்ளும். இரவில் தரையிற் பாய் விரித்துத் துயில்வாரையே இது பெரும்பாலுந் தீண்டும். கடிவாயில் நோவும் வீக்கமும் இல்லையென்றே சொல்லலாம்; பற்குறி காண்பதும் அரிது. பல வேளைகளிற் சில மணிநேரங் கழிந்த பின்னரே வயிற்றுவலியும் இமைச் சோர்வும் தோன்றும். பின்னர் விழுங்கல் இயலாது, மூச்சுத் தசைகளும் ஓயும். எட்டடியன்று, எண்பதடி நடந்தவன், "விரியனாயின் வீழ்ந்திருப்பேனே" என்று மீண்டும் படுத்துக்கொள்ள இப்பெயரே இடங்கொடுக்கின்றது அன்றோ? வைத்தியசாலையில் நஞ்சுமுறி மருந்துண்டு. மூச்சை ஓட்டும் பொறியுமுண்டு. விடியட்டும் என்றிருப்பவனுக்கு அவை எட்டுவதில்லை.

சொற்குழப்பம் இன்னுமொன்று. நாம் கண்ணாடிப் புடையன் என்பதைத் தமிழகத்தார் கண்ணாடி விரியன் என்பர். அதன் கடி வீங்கும், குருதி உறையாது. அந்நாட்டு நூலைப் பயிலும் நம் மாணாக்கன், வீக்கமில்லையேல் விரியனன்று என மயங்கல் கூடும். ஆதலின் நம் பாடநூலார் எண்ணெய் விரியன் என்ற பெயரையே ஆள்க. எட்டடியைக் குறிப்பின் அது வெறுங் கட்டுக்கதையென்று உடனெழுதுக. பாயின் கீழ் நுளம்புவலையின் ஓரத்தைச் செருகிப் படுக்கும் வழக்கத்தையும் அவ்விடத்தே ஒரு வரி சேர்த்தல் நன்று.